ஏழு கொலுப்படி, ஒரு அடாப்டர்: மேல்படி மங்குகிறது, திருப்பி அனுப்பலாமா?

மேலமாசிவீதி (ஞாயிறு, இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். மகாளய அமாவாசைக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு முட்டி வலி. பழைய மரப்படியைத் தூக்கி அடுக்க முடியாது என்று கழற்றி மாட்டுகிற ஸ்டீல் படி வாங்கினோம். ஏழு படி, ஒவ்வொன்றும் நாலடி அகலம். படி விளிம்பை ஒட்டி உள்பக்கமாக லைட் ஓட விட்டால் பொம்மைகளின் முகம் நன்றாகத் தெரியுமே என்று ஆன்லைனில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஆர்டர் போட்டேன். வார்ம் ஒயிட், மீட்டருக்கு 60 எல்இடி, மீட்டருக்கு 4.8 வாட் என்று போட்டிருந்தது. ஐந்து மீட்டர் ரோல் இரண்டு. அதே ஆர்டரில் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று தனியாக.

ரோலை 1.2 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் முடிவிலிருந்து அடுத்த துண்டின் தொடக்கத்துக்குச் சின்ன வயர் வைத்து, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை வரிசையாகக் கோத்துவிட்டேன். ஸ்விட்சைப் போட்டால் முதல் படி ஜெகஜோதி. நாலாம் படியில் குறைகிறது. கலசம் வைக்கிற ஏழாம் படி சிம்னி விளக்கு மாதிரி இருக்கிறது.

ஸ்ட்ரிப் மட்டம்தானே? திருப்பி அனுப்ப புதன்கிழமை வரை நேரம் இருக்கிறது. வெட்டிவிட்டேன் என்பதுதான் யோசனை.

சேலம்_இரும்பாலை (ஞாயிறு, இரவு 9.48)

பொருள் பழுது என்று போட்டு ரிட்டர்ன் கொடுத்துவிடுங்கள். வெட்டின துண்டுகளை ரோலில் சுற்றி வைத்தால் வாங்குகிற டெலிவரி தம்பி பிரித்தெல்லாம் பார்க்க மாட்டார். அவர்களும் தரமில்லாததைத்தானே தள்ளுகிறார்கள்.

வயர்மேன்_கோவில்பட்டி (ஞாயிறு, இரவு 10.35)

மேலமாசிவீதி தம்பி, அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு ஸ்ட்ரிப் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. 22 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன், கோவில் கொடை, கல்யாண மண்டபம், வீடு என்று இதே புகாரைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஸ்ட்ரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் (கரண்டைக் கட்டுப்படுத்துகிற மின்தடை) சேர்ந்தது ஒரு குடும்பம். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், மூன்றுக்கு 9 வோல்ட் தாண்டிவிடும், மிச்சத்தை ரெசிஸ்டர் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மூன்று எல்இடிக்கு ஒரு தடவை கத்தரிக்கோல் கோடு போட்டிருப்பார்கள். உங்கள் ரகத்தில் அது ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று. குடும்பத்துக்குள் தொடர் இணைப்பு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதை; குடும்பங்களுக்கு இடையில் பக்க இணைப்பு, அதாவது ஒவ்வொன்றும் அதே பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவில் தனித்தனியாக.

இப்போது முக்கியமான சங்கதி. நீங்கள் துண்டுகளை வரிசையாகக் கோத்ததால் அது தொடர் இணைப்பு ஆகிவிடவில்லை. மின்சாரக் கணக்குப்படி அதுவும் பக்க இணைப்புதான். ஆனால் ஏழு படிக்கும் வேண்டிய கரண்ட் முழுவதும் முதல் படி ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புத் தகடு வழியாகத்தான் போகிறது. ஒரு படிக்கு 1.2 மீட்டர், 5.76 வாட், அதாவது 0.48 ஆம்பியர். ஏழுக்கும் சேர்த்தால் 3.4 ஆம்பியர் கிட்டே. காகிதக் கனத்துத் தகடு அவ்வளவு கரண்டைச் சும்மா விடாது, வழியிலேயே வோல்டேஜைத் தின்றுவிடும். தலைமடையில் எல்லோரும் இறைத்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது அல்லவா, அதே கதைதான்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து, எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே அடாப்டர் வாயில், முதல் படி முடிவில், மூன்றாம் படியில், ஏழாம் படி முடிவில் அளந்து சொல்லுங்கள். அணைத்துவிட்டு அளந்தால் பிரயோஜனம் இல்லை.

மேலமாசிவீதி (திங்கள், காலை 7.05)

பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கி அளந்தேன் அண்ணே. அடாப்டர் வாயில் 11.9. முதல் படி முடிவில் 11.2. மூன்றாம் படியில் 10.3. ஏழாம் படிக் கடைசியில் 9.4. அப்புறம் ஏழாம் படித் துண்டை மட்டும் கழற்றி நேராக அடாப்டரில் கொடுத்தேன். முதல் படி மாதிரியே பளிச்சென்று எரிகிறது.

வயர்மேன்_கோவில்பட்டி (திங்கள், காலை 7.30)

அப்படியானால் ஸ்ட்ரிப்பில் குறை இல்லை. 9.4 என்றால் அந்த மூன்று எல்இடிக்கே சரியாகப் போய்விடும், ரெசிஸ்டருக்கு மிச்சமே இருக்காது. மங்கத்தான் செய்யும். சாயங்காலம் வேலை முடிந்து வயரிங் எப்படி என்று எழுதுகிறேன்.

திருப்பூர்_சிறுவியாபாரி (திங்கள், காலை 11.15)

நான் பனியன் துணி ஆன்லைனில் விற்கிறவன். சேலம் நண்பர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. வெட்டின பொருளைச் சுற்றி அனுப்பினால் டெலிவரி தம்பி பார்க்காமல் இருக்கலாம். ஆனால் அது எங்கள் குடோனுக்கு வந்து பிரிக்கும்போது நாங்கள் பார்ப்போம். போக வரக் கூரியர் செலவு பல சமயம் எங்கள் தலையில். பொருளும் போச்சு. இந்தப் பெயரில் நிறைய ரிட்டர்ன் வந்தால், நிஜமாகவே பழுதான பொருளோடு வருகிறவரையும் சந்தேகத்தோடுதான் பார்க்கத் தோன்றும். நான்கூட அப்படிப் பார்த்திருக்கிறேன், அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

ஸ்ட்ரிப் நன்றாக இருக்கிறது என்று இவரே அளந்து பார்த்துவிட்டார். அதைப் பழுது என்று போடக் கூடாது.

சேலம்_இரும்பாலை (திங்கள், மதியம் 1.10)

அளந்து பார்ப்பதற்கு முன் எழுதினேன். இப்போது அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பக்கம் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது.

வயர்மேன்_கோவில்பட்டி (திங்கள், இரவு 8.50)

சரி, வயரிங்.

படிக்குப் பின்னால் கீழிருந்து மேலே இரண்டு வயர் இழுங்கள், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, 1.5 சதுர மில்லிமீட்டர். இதுதான் மெயின் வாய்க்கால். ஒவ்வொரு படிக்கும் அதிலிருந்து ஒரு ஜோடி மெல்லிய வயர் பிரிந்து அந்தப் படியின் ஸ்ட்ரிப்புக்குப் போக வேண்டும். சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எதுவும் போகக் கூடாது. வயர் இரண்டு மீட்டர் என்று வைத்தாலும் போக வர நாலு மீட்டர், 1.5 வயரில் மீட்டருக்கு 0.012 ஓம், 3.4 ஆம்பியருக்கு அதிகபட்சம் 0.16 வோல்ட்தான் இழப்பு. கண்ணுக்கே தெரியாது.

மெயின் வயரை அறுக்க வேண்டாம். பிரிகிற இடத்தில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் தோல் சீவி, கிளை வயரைச் சுற்றி, ஈயம் வைத்து, டேப் போடுங்கள். ஸ்ட்ரிப்பில் ஈயம் வைக்கும்போது ஒரு வினாடி, இரண்டு வினாடிதான். சால்டரிங் அயர்னை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தால் செம்புத் திட்டு பெயர்ந்து வந்துவிடும். பற்றவைக்கப் பழக்கமில்லை என்றால் நெம்புகோல் வைத்த கனெக்டர் கிடைக்கும், அதைப் போடலாம். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டி வைப்பது மட்டும் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம், உங்கள் படி ஸ்டீல் என்பதால். வெட்டிய முனையில் செம்பு வெளியே தெரியும். அது படியைத் தொட்டால் ஷார்ட். ஒவ்வொரு முனையையும் டேப்பால் மூடிவிட்டு ஒட்டுங்கள். அடுத்தது, அடாப்டரைப் படிக்கு அடியில் துணிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். பெரும்பாலான வீட்டில் அப்படித்தான் வைக்கிறார்கள். ஒன்பது நாள் வேட்டித் துணிக்கு நடுவில் சூடான பெட்டி இருக்கக் கூடாது. பக்கவாட்டில், காற்றுப் படுகிற தரையில் வையுங்கள்.

பாலிடெக்னிக்_முதலாண்டு (திங்கள், இரவு 9.30)

அண்ணே, இதே இழையில் ஒரு சந்தேகம் கேட்கலாமா. நான் எங்கள் பாட்டி கொலுவுக்குப் பார்க் வைக்கிறேன். தெரு விளக்குக்கு 5 மில்லிமீட்டர் எல்இடி, வெள்ளை எட்டு, கோபுர உச்சிக்குச் சிவப்பு நாலு. பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டு, பன்னிரண்டையும் பக்க இணைப்பில் கொடுத்தேன். சிவப்பு நாலு மட்டும் எரிகிறது. வெள்ளை எதுவுமே எரியவில்லை. வெள்ளை எட்டும் ஆன்லைனில் வாங்கினது, அத்தனையும் பழுதா?

வயர்மேன்_கோவில்பட்டி (திங்கள், இரவு 10.05)

நல்ல கேள்வி தம்பி, தாராளமாகக் கேள். ஒன்றுமே பழுது இல்லை.

சிவப்பு எல்இடி 2 வோல்ட்டிலேயே வாயைத் திறந்துவிடும். வெள்ளைக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எல்லாம் ஒரே ஜோடி வயரில் நேருக்கு நேர் இருந்தால், சிவப்பு அந்த வோல்டேஜை 2 கிட்டே பிடித்து வைத்துக்கொள்ளும், வெள்ளைக்கு எட்டவே எட்டாது. சிவப்பை எல்லாம் கழற்றிப் பார், வெள்ளை எரியும்.

ஆனால் வெள்ளை மட்டும் இருந்தாலும் ஒரே ரெசிஸ்டர் போடாதே. ஒரே பாக்கெட்டில் வந்த எல்இடிகூட ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும். எது குறைந்த வோல்ட்டில் திறக்கிறதோ அது அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், சூடானால் இன்னும் குறைந்த வோல்ட்டில் திறக்கும், இன்னும் இழுக்கும். ஒருநாள் அது போய்விடும். அதன் பங்கு மற்றவற்றின் தலையில் ஏறும். அப்புறம் அடுத்தது.

ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் கொடுத்துவிடு. கணக்கு: சார்ஜர் வோல்டேஜில் எல்இடி வோல்டேஜைக் கழித்து, கரண்டால் வகுக்க வேண்டும். வெள்ளைக்கு 5 கழித்தல் 3.2, 1.8 வோல்ட், வகுத்தல் 0.02 ஆம்பியர், 90 ஓம். கடையில் 100 ஓம் கிடைக்கும், அதன் மேல் வண்ணக் கோடு பழுப்பு கறுப்பு பழுப்பு. சிவப்புக்கு 5 கழித்தல் 2, வகுத்தல் 0.02, 150 ஓம், பழுப்பு பச்சை பழுப்பு. கால் வாட் போதும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள்.

மேலமாசிவீதி (செவ்வாய், இரவு 10.20)

அண்ணே, சொன்னபடியே செய்தேன். ஏழு படியும் ஒரே வெளிச்சம். மேல்படியில் 11.6 காட்டியது. அம்மா கலசத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் இருபது நிமிஷம் ஆனதும் ஏழு படியும் ஒன்றாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் சரியாக எரிகிறது, மறுபடியும் அதே கதை. ரிட்டர்னுக்கு நாளைதான் கடைசி நாள்.

வயர்மேன்_கோவில்பட்டி (செவ்வாய், இரவு 10.40)

ஏழும் ஒன்றாகச் சிமிட்டுகிறது என்றால் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து எழுகிறது. அதற்குக் காரணம் இரண்டு. எங்காவது ஷார்ட், அல்லது அதற்குச் சுமை தாங்கவில்லை. அடாப்டர் மேல் பழி போடுவதற்கு முன்னால் முதலாவது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்ட்ரிப்களைப் படியிலிருந்து உரித்துத் தரையில் பாய் மேல் போடுங்கள். ஸ்டீல் எதுவும் படக் கூடாது. ஒரு படியாகக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் அடாப்டர் வாயில் வோல்டேஜ் பாருங்கள். வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலமாசிவீதி (புதன், காலை 6.30)

ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று படி வரை 12.0. நாலு படிக்கு 11.8. ஐந்துக்கு 11.3. ஆறாவதைக் கொடுத்து நாலு நிமிஷத்தில் சிமிட்ட ஆரம்பித்தது. அடாப்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறு படிக்கு 2.9 ஆம்பியர்தான் ஆகிறது. 5 ஆம்பியர் என்று எழுதியிருப்பது பொய்.

லேபிளையும் டார்ச் அடித்துப் படித்தேன். வோல்ட், ஆம்பியர் தவிர ஒன்றும் இல்லை. தயாரித்தவர் பெயர் இல்லை, எந்த நாடு என்று இல்லை, ஐஎஸ்ஐ மாதிரி எந்த முத்திரையும் இல்லை. என் லேப்டாப் அடாப்டர் பக்கத்தில் வைத்தால் இது தக்கை.

தாமிரபரணி (புதன், காலை 7.10)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுத வேண்டும். ஒரு மிக்ஸிக்காக ஏழு வாரம் அலைந்து வாங்கின அனுபவம் இருக்கிறது தம்பி.

ஸ்ட்ரிப்பை விட்டுவிடுங்கள், அது உங்கள் பொருள். அடாப்டருக்கு மட்டும் இன்றைக்கே, இப்போதே ரிட்டர்ன் போடுங்கள். "பிடிக்கவில்லை", "வேலை செய்யவில்லை" என்பதை அழுத்தாதீர்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் உண்மையும்கூட. வீடியோ, லேபிள் போட்டோ, விற்பனைப் பக்கத்தில் "5 ஆம்பியர்" என்று இருக்கிற ஸ்கிரீன்ஷாட், பில். பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிட்டால் ஆதாரம் இருக்காது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் வந்தவை. பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தால், அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டால், விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் கொடுக்கவோ மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மனசு மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இந்த விதி உதவாது, அது அந்தந்தத் தளத்தின் கொள்கை. உங்களுடையது அப்படி இல்லை.

அப்புறம் முத்திரை பற்றி. எல்இடிக்கான அடாப்டர், டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மாதிரிப் பொருள்களுக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு இருக்கிறது. லேபிளில் ஐஎஸ் (இந்தியத் தரநிலை) எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். புது அடாப்டர் வாங்கும்போது கடையில் நின்றே பார்த்துவிடுங்கள்.

மேலமாசிவீதி (வெள்ளி, மாலை 6.15)

ரிட்டர்ன் நிராகரிப்பு. "பொருள் வாடிக்கையாளரால் சேதப்படுத்தப்பட்டது" என்று இரண்டே வரி. அதே ஆர்டரில் உள்ள ஸ்ட்ரிப் வெட்டப்பட்டிருப்பது வீடியோவில் தெரிவதால் என்கிறார்கள். அடாப்டரில் ஒரு கீறல்கூட இல்லை. கோபமாக வருகிறது.

திருப்பூர்_சிறுவியாபாரி (வெள்ளி, மாலை 6.50)

அடாப்டர் தனிப் பொருள், தனி விலை. ஸ்ட்ரிப்பைக் காட்டி அதை மறுப்பது விற்கிறவன் பக்கம் இருந்து பார்த்தாலும் நியாயம் இல்லை. விடாதீர்கள்.

தாமிரபரணி (வெள்ளி, இரவு 8.00)

வாடிக்கையாளர் சேவையில் சாட் பண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். தளத்தின் அடியில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் பெயரும் தொடர்பும் போட்டிருக்க வேண்டும், அது விதி. அவருக்கு மெயில். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. கோபத்தை எல்லாம் எழுத வேண்டாம். நாலு படிக்கு இவ்வளவு, ஆறு படிக்கு இவ்வளவு என்று நீங்கள் இங்கே எழுதின அந்த எண்களை அப்படியே எழுதுங்கள். அதைப் போல வலுவான வாக்கியம் வேறு இல்லை.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண் கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கின விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம். 450 ரூபாய் பொருளுக்கு அது வரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் போக முடியும் என்று தெரிந்து எழுதுகிற மெயிலுக்கு ஒரு நிதானம் இருக்கும்.

மேலமாசிவீதி (அடுத்த வியாழன், இரவு 9.00)

மெயிலுக்கு மறுநாளே பெற்றுக்கொண்டோம் என்று பதில். 1915-க்கு சனிக்கிழமை பேசினேன், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை அடாப்டரை எடுத்துப் போக ஆள் வந்தார். பணம் முழுவதும் இன்று வங்கிக் கணக்கில் விழுந்தது.

இங்கே கடைவீதியில் பதிவு எண் உள்ள 12 வோல்ட் 5 ஆம்பியர் வாங்கிவிட்டேன். செயலியில் எண் சரியாக வந்தது. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, எடையும் அப்படியே. ஏழு படியும் கொடுத்து மூன்று மணி நேரம் ஓட விட்டேன். வாயில் 12.0, மேல்படியில் 11.8. கை வைத்தால் இளஞ்சூடுதான். படிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் இருக்கிறது. மிச்சமான 1.4 மீட்டர் துண்டை அம்மா அடுப்படி மேடைக்குக் கேட்டிருக்கிறார்.

வயர்மேன்_கோவில்பட்டி (அடுத்த வியாழன், இரவு 9.25)

சந்தோஷம் தம்பி. அடுப்படிக்கு அதே அடாப்டரில் சேர்த்தாலும் 4 ஆம்பியரைத்தான் தொடும், ஆனால் அவ்வளவு தூரம் வயர் இழுக்காமல் தனியாக ஒரு 1 ஆம்பியர் அடாப்டர் போட்டுவிடுங்கள். எண்ணெய்ப் புகை படுகிற இடத்துக்கு மேலே மெல்லிய அலுமினியச் சட்டமும் மூடியும் உள்ள வகை நல்லது.

பாலிடெக்னிக்_முதலாண்டு (நவராத்திரி ஆறாம் நாள், இரவு 10.10)

அண்ணே, பார்க் ஆறு நாளாக ஓடுகிறது. வெள்ளைக்கு 100, சிவப்புக்கு 150, பன்னிரண்டு ரெசிஸ்டர். நேற்று சின்னப் பிள்ளை ஒன்று கோபுரத்தைத் தட்டிவிட்டு ஒரு சிவப்பு மட்டும் கால் முறிந்து அணைந்துவிட்டது. மற்ற பதினொன்றும் அப்படியே எரிகின்றன, வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பக்கத்துச் சிவப்பில் அதே 20 மில்லி ஆம்பியர்.